கரப்பான் கண்ட குழந்தைக்கு எதைப் பூசுவது?

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி ஆலோசிக்கும் இம்முகாமில், குழந்தைகளின் தோலைப் பற்றிப் பேசுவதற்கு நேரம் ஒதுக்கியிருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் கரப்பான் கண்ட குழந்தை இருக்கும் வீட்டில் இரவில் ஒருவருக்கும் உறக்கம் இல்லை என்பதை அறிந்தவர்கள் வியப்படைய மாட்டார்கள். குழந்தை சொறிந்து சொறிந்து அழும், தாய் விழித்திருப்பாள், விடிந்ததும் களையெடுக்கப் போக வேண்டியவளும் அவளே. அந்தத் தவிப்பில் அண்டை வீட்டார் சொன்னதையும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததையும், சந்தையில் கூவி விற்றதையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூசிப் பார்க்கிறார்கள். அப்பூச்சுகளில் என்னென்ன கலந்துள்ளன, அவை குழந்தையின் உடலில் என்ன செய்கின்றன என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்டுள்ள பொருள்.

முதலில் வியாதியை அடையாளம் கண்டுகொள்வோம். கரப்பான் பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது. முதலில் கன்னத்திலும் நெற்றியிலும் சிவந்து கசியும். குழந்தை வளர வளர முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்மடிப்பிலும் வறண்டு தடித்து அரிக்கும். இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. வீட்டில் பலருக்கும் ஒரே சமயத்தில் இரவில் அரிப்பு எடுத்து, விரல் இடுக்குகளில் புண் தோன்றினால் அது சொறி சிரங்கு. வட்டமாக ஓரம் சிவந்து பரவினால் அது படர்தாமரை. இம்மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்குப் பூசுவதால் விளையும் கேடு அதிகம்.

தோலை நாம் வயலின் வரப்புக்கு ஒப்பிடலாம். வரப்பு உறுதியாக இருந்தால் உள்ளே கட்டிய நீர் நிற்கும். வெளியிலிருந்து வேண்டாதது புகாது. கரப்பான் உள்ள குழந்தையின் தோலோ எலிவளை விழுந்த வரப்பு. உள்ளிருக்கும் ஈரம் கசிந்து போய்விடுகிறது. வெளியில் உள்ளது எளிதில் உள்ளே இறங்குகிறது. தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்கும் பிலாக்ரின் என்னும் புரதம் இக்குழந்தைகளில் பலருக்குப் பிறவியிலேயே குறைவாக உள்ளது என்பதை 2006ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடன் உழைத்த பிறரும் கண்டறிந்தனர். ஆகவே, நல்ல தோலுக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருள், இத்தோலுக்கும் தீங்கு செய்யாது என்று கொள்வதற்கில்லை.

தோல் வழியே விஷம் உள்ளே இறங்கும் என்பது வெறும் அச்சுறுத்தலா? பிரான்சு நாட்டில் 1972ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். குழந்தைகளுக்கென்று விற்ற ஒரு பவுடரில், ஹெக்ஸாகுளோரோபீன் என்னும் கிருமிநாசினி தவறுதலாக நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் கலந்துவிட்டது. அப்பவுடரைத் தூவிய குழந்தைகளில் இருநூற்றுக்கு மேற்பட்டவர்கள் நோயுற்றனர். 36 பேர் மாண்டனர். யாரும் அதை வாயில் போடவில்லை. தோலில் தூவியது மூளையைத் தாக்கிற்று. போரிக் பவுடரின் கதையும் இத்தகையதே. புண்ணான தோலில் அதைத் தூவியதால் கைக்குழந்தைகள் இறந்த செய்திகள் சென்ற நூற்றாண்டின் மருத்துவ ஏடுகளில் பல உள்ளன. கேரம் பலகைக்கு ஏற்ற அப்பொருள் குழந்தையின் தொடைக்கு ஏற்றதன்று. சளிக்கென்று தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவும் வழக்கமும் நம் ஊர்களில் உண்டு. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே சென்று சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக்கூடியது. கரப்பான் உள்ள குழந்தைக்கு அதை அறவே விலக்க வேண்டும்.

அடுத்து, உண்ணும் பொருள்களைப் பூசுவது. "வயிற்றுக்குள் போவது தோலுக்கு என்ன செய்துவிடும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் விடை நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக உள்ளது. நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்பைக் கரப்பான் தோலில் பூசிய குழந்தைகளிடையே, பின்னர் நிலக்கடலை ஒவ்வாமை கூடுதலாகக் காணப்பட்டதை 2003ஆம் ஆண்டில் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி எடுத்துக்காட்டிற்று. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச்சோப்பு ஒன்றைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், அதுவரை சுகமாக உண்டுவந்த கோதுமை உணவை உண்ண முடியாதவர்கள் ஆயினர். 2011ஆம் ஆண்டில் அச்சோப்பு திரும்பப் பெறப்பட்டது. வாய் வழியே வரும் உணவை உடல் நண்பனாக ஏற்கிறது; உடைந்த தோல் வழியே வருவதைப் பகைவனாகக் குறித்துக்கொள்கிறது. ஆதலால் கடலை மாவு, பயத்தம் மாவு, பால், முட்டை வெண்கரு ஆகியவற்றைக் கரப்பான் தோலில் தேய்ப்பதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். நலங்கு மாவின் மேல் நமக்குப் பகையில்லை. தோல் நன்றாக உள்ள குழந்தைக்கு அதைத் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிமாருடன் சண்டைக்கு நிற்க வேண்டியதும் இல்லை. கசியும் தோலில் மட்டும் வேண்டாம் என்கிறோம்.

எண்ணெய்களில் எல்லாம் ஒன்றல்ல. குழந்தைகளுக்கு உயர்ந்தது என்று நகரத்துக் கடைகளில் அதிக விலைக்கு விற்கும் ஆலிவ் எண்ணெய், தோலின் மேலடுக்கைத் தளர்த்துகிறது என்று 2013ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து ஆராய்ச்சி காட்டிற்று. நம் தோட்டத்துத் தேங்காய்க்கோ நற்சான்று உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் 117 குழந்தைகளுக்கு 8 வாரம் பூசிப் பார்த்ததில், சூடேற்றாமல் எடுத்த தூய தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்கு பயன்பட்டதாக 2014ஆம் ஆண்டில் எழுதினர். ஆனால், அது தூய எண்ணெய்க்குரிய சான்றேயன்றி, நிறமும் மல்லிகை மணமும் ஏற்றிய கூந்தல் தைலத்துக்குரியதன்று. வேப்பெண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். அது சிலருக்குத் தோல் ஒவ்வாமை தருகிறது; கைக்குழந்தையின் வாயில் சென்றால் உயிருக்கே ஆபத்து. கன்னத்தில் பூசியது வாய்க்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

இனி, கடையில் வாங்குவன. சாதாரணச் சோப்பு காரத்தன்மை உடையது. நம் தோல் சிறிது புளிப்புத்தன்மை உடையது. விலை உயர்ந்த சோப்பானாலும் சோப்பு சோப்புதான். கரப்பான் உள்ள குழந்தைக்கு அன்றாடம் உடல் முழுவதும் சோப்பு போடத் தேவையில்லை. அழுக்குப் பட்ட இடத்துக்கு மட்டும் மணமில்லாத, காரமில்லாத வகையைப் பயன்படுத்தினால் போதும். களிம்பு வாங்கும்பொழுது பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். அது ஆங்கிலத்தில் இருக்கும் என்பது உண்மையே. நம் வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் எதற்கு இருக்கிறாள்? அவளைப் படிக்கச் சொல்லுங்கள். 'பர்ப்யூம்' அல்லது 'பிராக்ரன்ஸ்' என்று இருந்தால் அது வாசனைச் சரக்கு, வேண்டாம். 'சோடியம் லாரில் சல்பேட்' நுரை தரும் சரக்கு. அது கலந்த களிம்பு குழந்தைகளுக்கு எரிச்சல் தரக்கூடும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013ஆம் ஆண்டில் எச்சரித்தது. 'மெத்தில்ஐசோதயசோலினோன்' என்று ஒரு நீண்ட பெயர் வரும். கெடாமல் காக்கச் சேர்க்கும் அச்சரக்கு பலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கியதால், தோலில் பூசி விட்டுவிடும் பூச்சுகளில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய நாடுகள் 2017ஆம் ஆண்டில் தடுத்துவிட்டன. வேடிக்கை என்னவெனில், 'பாரபென் இல்லை' என்று பெட்டியின் முன்புறத்தில் பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். அந்தப் பாரபென்களோ ஒவ்வாமை மிகக் குறைவாகத் தருபவை என்று அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கமே 2019ஆம் ஆண்டில் எடுத்துக் கூறியுள்ளது. முன்புறம் விற்பவருடையது, பின்புறம் வாங்குபவருடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவை யாவற்றினும் பெரிய தீங்கு வேறொன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஸ்டீராய்டு என்னும் மருந்து கரப்பானுக்கு நல்ல மருந்து. டாக்டர் பார்த்து, இன்ன வலிமை, இத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தால் அச்சமின்றிப் பூசலாம். அஞ்சிப் பூசாமல் விட்டுக் குழந்தையை வதைப்பதும் தவறே. ஆனால் அம்மருந்தில் மிக மென்மையானதும் உண்டு. அதைப்போல் பல நூறு மடங்கு வலியதும் உண்டு. வலிய ஸ்டீராய்டுடன் பூஞ்சைக்கொல்லியும் கிருமிக்கொல்லியும் சேர்த்த குழாய்க் களிம்பை, "எந்த அரிப்புக்கும் இது கேட்கும்" என்று சொல்லி மருந்துச் சீட்டு இல்லாமலே கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு நாளில் சிவப்பு மறைகிறது. அதனால் நம்பிக்கை பிறக்கிறது. மாதக்கணக்கில் தொடர்ந்து பூசினால் தோல் காகிதம்போல் மெலிகிறது, கோடுகள் விழுகின்றன. கைக்குழந்தையானால் மருந்து இரத்தத்தில் கலந்து வளர்ச்சியையே தடுக்கக்கூடும். படர்தாமரை மேல் பூசினாலோ உருமாறிப் பரவி, பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் அடங்குவதில்லை. இக்கேட்டைக் கண்டே மத்திய அரசாங்கம் 2018ஆம் ஆண்டில் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச் சீட்டு இன்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. குழாயின் மேல் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டுக்கு மட்டுமே உரியது. எழுத்தறியாதவரும் இக்கோட்டை அறியலாம்.

சந்தையில் டப்பாவில் விற்கும் 'மூலிகைக் களிம்பு' இன்னும் மோசம். அதில் கோடும் இல்லை, பெயரும் இல்லை. லண்டனில் மூலிகை என்று கொடுக்கப்பட்ட சீனத்துக் களிம்புகள் 11 வகைகளைச் சோதித்ததில், 8 வகைகளில் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மறைந்திருந்ததை 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மூன்றே நாளில் கரப்பான் மறையும் என்று ஒருவர் சத்தியம் செய்தால், டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று நாம் சந்தேகப்படத்தான் வேண்டும்.

அப்படியானால் எதைத்தான் பூசுவது? வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி போன்ற மணமற்ற, எளிய பூச்சே போதும். சேர்மானம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. லோஷன், கிரீம், ஜெல், ஆயின்மென்ட் என்னும் நால்வகையையும் பிரிட்டனில் 550 குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்ததாக விளங்கவில்லை. குழந்தைக்கு எரியாததும், நாம் விடாமல் வாங்க முடிவதும் எதுவோ அதுவே நல்ல பூச்சு. ஏனெனில் தேவைப்படும் அளவு பெரிது. வாரம் 250 முதல் 500 கிராம் வரை கொடுக்கலாம் என்று அந்நாட்டின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. நாமோ 20 கிராம் குழாயை ஒரு மாதம் வைத்துக்கொள்கிறோம். விலை உயர்ந்ததைத் துளித்துளியாகப் பூசுவதைவிட, மலிவானதைத் தாராளமாகப் பூசுவது மேல். வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரமே குளிப்பாட்டி, துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் உலர்வதற்குள் மயிர் வளர்ந்த திசையிலேயே பூச வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் கெட்டியான ஜெல்லி வேர்க்குருவை வரவழைக்கும். அப்போது மெல்லியதாகப் பூசலாம், அல்லது மணமற்ற கிரீமுக்கு மாறலாம். புதிதாக எதை வாங்கினாலும், முன்கையில் நல்ல தோலுள்ள இடத்தில் காசளவு, நாளுக்கு இருமுறை ஒரு வாரம் பூசிப் பார்த்த பிறகே உடம்பெங்கும் பூச வேண்டும். பூச்சு இருக்கும் டப்பாவுக்குள் கைவிட்டு எடுக்காமல் சுத்தமான கரண்டியால் எடுப்பதும் அவசியம்.

இதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சந்தையைக் குத்தகைக்கு விடும் பஞ்சாயத்துகள், பெயர்ச்சீட்டு இல்லாத களிம்பை அங்கே விற்கலாகாது என்று நிபந்தனை சேர்க்க ஆலோசிக்கலாம். சிவப்புக்கோட்டுக் குழாய்கள் சீட்டின்றி விற்கப்படுவது தெரிந்தால் மருந்து ஆய்வாளருக்கு எழுதலாம். கிராம சபைக் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு, கரப்பானுக்கும் சிரங்குக்கும் படர்தாமரைக்கும் உள்ள வேற்றுமையைப் படங்களால் விளக்கச் செய்யலாம். மஞ்சள் பொருக்குத் தட்டிச் சீழ் வைத்தாலும், காய்ச்சலுடன் கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றி வலித்தாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை எல்லாத் தாய்மாரும் அறிந்திருக்கச் செய்ய வேண்டும். பின்னதைத் தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.

விறகு அடுப்பு எரியும் வீடுகளுக்காக ஒன்று சொல்லி முடிக்கிறோம். ஜெல்லியும் கிரீமும் ஊறிய துணி, சாதாரணத் துணியைவிட வெகு விரைவில் தீப்பற்றும் என்று 2018ஆம் ஆண்டில் பிரிட்டனில் எச்சரிக்கை விடுத்தனர். துவைத்தாலும் அப்பிசுக்கு முழுதும் போவதில்லை. ஆகையால் பூச்சுப் பூசிய குழந்தையை அடுப்பங்கரையிலும் விளக்கின் அருகிலும் விடலாகாது. அதன் சட்டையையும் படுக்கைத் துணியையும் அடிக்கடி வெந்நீரில் துவைத்து, அடுப்புக்கு அப்பால் வெயிலில் உலர்த்த வேண்டும்.