வண்டியின் உரமும் வழியின் தன்மையும்

நெடுந்தூரத் துவிச்சக்கரவண்டிப் போட்டி என்றவுடன் நேயர்களின் மனத்தில் முதலில் எழுவது, ஓட்டுபவரின் கால்வலிமையும் நெஞ்சுரமும் ஆகும். ஆனால் அவ்வலிமை முழுவதையும் தாங்கிச் செல்வது, ஒரு கையால் தூக்கக்கூடிய சில குழாய்களின் சேர்க்கையே என்பதைப் பலர் எண்ணுவதில்லை. மக்கள் பிறேம் என வழங்கும் அந்தச் சட்டகம் முறிந்துவிடுமாயின், எத்துணை வலிய வீரரும் கால்நடைப் பயணியே ஆவார். சட்டகம் எவ்வளவு காலம் உழைக்கும் என்ற வினாவிற்குரிய விடையில் ஒரு பாதி அதைச் செய்த தொழிற்சாலையிலும், மறுபாதி அது ஓடும் வீதியிலும் இருக்கிறது. இவ்வுண்மையை வன்னிப் பெருநிலம் தன் வாழ்வாலேயே கற்றுக்கொண்டது.

நெடுந்தூரப் போட்டிகள் தோன்றிய காலத்தில், அவை மனிதரைப் போலவே வண்டியையும் சோதிக்கும் தேர்வுகளாக இருந்தன. 1891ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலிருந்து பிறெஸ்ற் துறைமுகம் சென்று மீளும் 1,200 கிலோமீற்றர்ப் போட்டி நடைபெற்றது. புறப்பட்ட வண்டியிலேயே திரும்ப வேண்டும் என்பதற்காக, அன்று வண்டிகளுக்கு முத்திரை இடப்பட்டது.

1913ஆம் ஆண்டு பிரான்ஸ் சுற்றுப் போட்டியில் நிகழ்ந்தது இன்னும் பேசப்படுகிறது. தூர்மலே மலைக்கணவாயிலிருந்து இறங்கும் வழியில், இயூஜின் கிறிஸ்தோப் என்னும் வீரரின் வண்டியில் முன்சில்லைத் தாங்கும் கவை முறிந்தது. பிறர் உதவி பெறலாகாது என்பது அக்கால விதி. அவர் வண்டியைச் சுமந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஒரு சிற்றூரின் கொல்லுலையை அடைந்து, தம் கையாலேயே கவையைக் காய்ச்சிப் பொருத்தினார். ஆயினும், ஒரு சிறுவன் துருத்தி ஊதினான் என்பதற்காக நடுவர்கள் அவருக்குத் தண்டம் விதித்தனர். 1919ஆம் ஆண்டு, உலகப் போர் முடிந்த மறு ஆண்டில், முன்னணியில் நின்ற அதே வீரருக்கு வட பிரான்சின் சிதைந்த வீதியில் மீண்டும் கவை முறிந்தது. போர் முடிந்த பின்னரும் அதனால் சிதைந்த வீதி ஒருவரின் வெற்றியைப் பறிக்கவல்லது என்பதற்கு இது சான்று.

உறுதியான உருக்குக் குழாய் எவ்வாறு முறிகின்றது? ஒரே பெரும் மோதலால் முறிவது சிறுபான்மை. ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் அது முறிவதில்லை; முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் முறிந்துவிடுகிறது. உலோகத்திற்கும் களைப்பு உண்டு என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பொறியியலாளர் ஓகுஸ்ற் வோலர் புகைவண்டி அச்சுகளை ஆராய்ந்து தெளிவாக்கினார். குறித்த அளவிற்கு உட்பட்ட தாக்கத்தை உருக்கு நெடுங்காலம் பொறுக்கும். அளவு மீறினால் ஒவ்வொரு தாக்கமும் கணக்கில் ஏறும். அலுமினியத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. சிறு அதிர்ச்சியும் அதன் ஆயுளிற் சிறிது குறைக்கும்.

கிரவல் வீதியில் கனரக வாகனங்கள் ஓடியபின் நிலம் அலையலையாகத் திரண்டு விடுவதை வன்னியில் எவரும் காணலாம். அரை மீற்றருக்கு ஓர் அலை என்று கொண்டால், ஒரு கிலோமீற்றரில் இரண்டாயிரம் அதிர்வுகள். நாற்பது கிலோமீற்றரில் எண்பதாயிரம். அவ்வதிர்வுகள் ஒன்றுகூடுமிடம் குழாய்கள் பொருந்தும் மூட்டுகளே. கைபிடிக்குக் கீழுள்ள தலைக்குழாய், மிதியச்சுப் பொருந்தும் இடம், பின்சில்லின் அச்சைத் தாங்கும் முனைகள் ஆகியவற்றிலேயே முதற்கீறல் தோன்றும். அங்கே வர்ணம் மயிர்க்கோடு போல் வெடித்திருந்தால், அது வண்டி தரும் எச்சரிக்கை ஆகும்.

வவுனியாவிலிருந்து மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி வழியாக ஆனையிறவு வரை ஏ-9 வீதி ஏறத்தாழ 90 கிலோமீற்றர் வன்னி நிலத்தை ஊடறுத்துச் செல்கிறது. நிலம் சமதரையாயினும் பயணம் எளிதன்று. ஆண்டின் நடுவில் வீசும் சோளகக் காற்று தெற்கு நோக்கி வருபவரின் மார்பில் அறையும். மாரி மழையில் உள்வீதிகளின் செம்மண் கரைந்து, நீர் நிறைந்த பள்ளம் எது, வெறும் ஈரம் எது என்று பிரித்தறிய இயலாது போகும்.

1990ஆம் ஆண்டு முதல் 2002ஆம் ஆண்டு வரை ஏ-9 வீதி மூடப்பட்டும், எரிபொருள், இரும்பு, சீமெந்து, மின்கலம் முதலியன தடுக்கப்பட்டும் இருந்த காலத்தில், துவிச்சக்கரவண்டியே வன்னியின் பாரவண்டியாகவும் நோயாளர் வண்டியாகவும் விளங்கியது. 1995ஆம் ஆண்டின் யாழ்ப்பாண இடப்பெயர்வின் பின்னர் வன்னியை அடைந்த பல குடும்பங்களின் உடைமை முழுவதும் ஒரு வண்டியின் கரியரிலும் பாரிலும் அடங்கியது. தார் பெயர்ந்த வீதியில், ஒருவருக்கென அமைந்த சட்டகம் மூவரையும் நெல்மூட்டையையும் சுமந்தது. அங்கே பரிசும் இல்லை, முடிவுக்கோடும் இல்லை. ஆனால் எந்த நெடுந்தூரப் போட்டியும் அதனினும் கடிய தேர்வை வண்டிக்கு வைத்ததில்லை.

அத்தேர்வில் உருக்குச் சட்டகம் நின்றமைக்குக் காரணம், அது முறியாதது என்பதன்று. முறிந்தால் ஊரிலேயே ஒட்டக்கூடியது என்பதே. பழைய முறை வண்டிகளில், குழாய்கள் மூட்டுறைகளுள் பித்தளை உருக்கிப் பொருத்தப்படுகின்றன. பித்தளை ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் உருகும். கரிநெருப்பும் துருத்தியும் அவ்வெப்பத்தைத் தரவல்லன, மின்சாரம் வேண்டுவதில்லை. இக்காலப் போட்டி வீரர்கள் விரும்பும் கரிய நாரிழைச் சட்டகம் இலகுவும் உறுதியும் மிக்கதே. ஆயினும், கல்லில் மோதி உள்ளே பிளவுண்டால், வெளியே வடு தெரியாமலும் இருக்கலாம். அதைச் சீர்ப்படுத்தத் தனிப்பயிற்சியும் தனிப்பொருளும் வேண்டும். நூறு கிராம் எடையைக் குறைப்பதற்கு விலை, நடுக்காட்டில் கைவிடப்படுவது என்றால், அந்த இலாபத்தை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் ஏ-9 வீதி புதுக்கப்பட்டு, வழுவழுப்பான தார்வீதி ஆயிற்று. ஆயினும் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால், பல குளக்கட்டு வழிகளும் பள்ளிக்கூட வழிகளும் இன்னும் கிரவலே. ஆகவே இந்நிலத்தில் நெடுந்தூரப் போட்டி நடத்த முனைவோர், தூரத்தை மட்டும் அறிவித்தல் போதாது. எத்தனை கிலோமீற்றர் தார், எத்தனை கிலோமீற்றர் கிரவல், மழை பெய்தால் எது மாறும் என்பதையும் அறிவித்தல் கடன். பங்குபற்றுவோர் அகன்ற ரயர் பூட்டி, காற்றைச் சிறிது குறைத்து ஓட்டுவாராயின், அதிர்ச்சியின் பெரும்பகுதியை ரயரே வாங்கிக்கொள்ளும். புறப்படுமுன் மூட்டுகளைத் துடைத்துப் பார்க்கும் ஐந்து நிமிடம், வழியில் ஒரு பகலைக் காக்கும்.

2022ஆம் ஆண்டு நாடெங்கும் எரிபொருள் அருகியபோது, நகரத்தாரும் பழைய வண்டிகளைத் தூசி தட்டி எடுத்தனர். அன்று தேவைப்பட்டது புதிய வண்டி மாத்திரமன்று. பழையதை ஓடவைக்கத் தெரிந்த கையும் ஆகும். வீதி சீரானதும் அந்தக் கைத்தொழில் வேண்டாததென்று ஒதுக்கப்படுமாயின், அடுத்த நெருக்கடியில் வண்டி இருந்தும் பயணம் இராது. தெருவோரத்தில் சில்லு நிமிர்த்தியும் சட்டகம் ஒட்டியும் வாழ்பவரிடம் ஓர் இளைஞனேனும் தொழில் பழகுதல் ஒவ்வோர் ஊருக்கும் காப்பாகும்.

பிரான்சில் துருத்தி ஊதிய சிறுவனின் உதவி குற்றமாக எண்ணப்பட்டது. போட்டிக்கு அவ்விதி பொருந்தலாம். வாழ்க்கைப் பயணத்திலோ, சட்டகம் முறிந்தபோது துருத்தி ஊத ஒரு கை வந்தமையால்தான் வன்னியின் வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன.