கூட்ட முடிந்ததும் கூட்ட முடியாததும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம்தான் டைம், பசங்களுக்கு உபயோகமா ஏதாச்சும் சொல்லுங்க" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். விமானப்படையில் விமானியாகச் சேரும் தேர்வில் மதிப்பெண்ணையும் உடல் தகுதியையும் எப்படி உயர்த்துவது என்பதுதான் இன்றைய பேச்சு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விமானி இல்லை. இருபது வருஷம் தரைப்பணியில், விமானத்துக்கு அடியில் நின்று வேலை பார்த்தவன். மேலே ஏறிப் போகிறவர்களைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்களும் நம்மைப் போல ஆட்கள்தான்.

"நம்ம ஊருக்கும் ஏரோப்ளேனுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று ஒரு தம்பி கேட்டான். நம் மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட விமான ஓடுதளம் இருக்கிறது. ஓடுதளம் வந்து எண்பது வருஷம் ஆகிறது. கல்வராயன் மலையோ 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அந்த மலையில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் கல்லூரியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஏன் விமானி ஆகக்கூடாது என்பதுதான் என் கேள்வி.

என்னிடம் வந்து கேட்கும் பிள்ளைகள் எல்லோரும் "எவ்வளவு நேரம் படிக்கணும், எவ்வளவு தூரம் ஓடணும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் சொல்வது, அதற்கு முன்னால் ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் ஒரு கோடு போடு. இந்தப் பக்கம் உன்னால் கூட்ட முடியாதது, அந்தப் பக்கம் கூட்ட முடிந்தது. கூட்ட முடியாததை முதல் வாரமே அளந்து பார்த்துவிடு. ரெண்டு வருஷம் உழைத்த பிறகு அளந்து பார்க்காதே.

கூட்ட முடியாதவை எவை? முதலில் வயது. பட்டப்படிப்பு முடித்து ஏ.எஃப்.கேட் தேர்வு வழியாகப் பறக்கும் பிரிவுக்குப் போக, பயிற்சி தொடங்கும்போது வயது 20 முதல் 24-க்குள் இருக்க வேண்டும். வணிக விமானி உரிமம் வைத்திருந்தால் 26 வரை. பிளஸ் டூ முடித்து என்.டி.ஏ. வழியாகப் போகிறவர்களுக்குப் பதினாறரை முதல் பத்தொன்பதரை.

இரண்டாவது பாடம். எந்தப் பட்டமாக இருந்தாலும் 60 சதவீதம் வேண்டும். ஆனால் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் கட்டாயம் படித்திருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம். இங்கேதான் நம் பிள்ளைகள் நிறையப் பேருக்குக் கதவு மூடுகிறது. மலையில் நன்றாக ஓடுகிற, துணிச்சலான ஒரு தங்கை என்னிடம் வந்தாள். எல்லாம் சரி, பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுக்கவில்லை. "அப்ப யாரும் சொல்லலியே சார்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கணக்கு எடுக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். அதே தேர்வின் வழியாக நிர்வாகம் போன்ற தரைப்பணிப் பிரிவுகளில் அதிகாரி ஆகலாம், அதற்கு வயது 26 வரை. ஆனால் விமானி ஆக முடியாது. உங்கள் வீட்டில் பத்தாவது படிக்கிற தம்பி தங்கை இருந்தால் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

மூன்றாவது உடல் அளவு. உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர். கால் நீளம் 99 முதல் 120, தொடை நீளம் 64-க்கு மேல் போகக்கூடாது, உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96. இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கால் குட்டையானால் பெடல் எட்டாது. தொடை நீளமானால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே தூக்கி எறியப்படும்போது முழங்கால் முன்பலகையில் அடிபடும். தையல்காரர் டேப் ஒன்று போதும், பத்து நிமிஷத்தில் ஓரளவு தெரிந்துவிடும்.

நான்காவது கண். ஒரு கண் 6/6, இன்னொன்று 6/9 இருக்க வேண்டும். கிட்டப்பார்வைக்கு இடம் இல்லை. லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு, அந்தந்த அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள். நிறம் பிரித்தறிவதிலும் குறை இருக்கக்கூடாது. அது குறையென்று தெரியாமலே இருபது வயது வரை வருகிறவர்கள் உண்டு.

ஐந்தாவது ஒன்றையும் மனம் வருந்தித்தான் சொல்கிறேன். 2024 ஜூன் மாதம் கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனபோது நம் ஊர்ப் பெயர் நாடெங்கும் அடிபட்டது. சம்பாதிக்கிறவன் ஒருத்தன், கூலிக்கு மூட்டை தூக்கிப் பிடிபடுகிறவன் ஒருத்தன். படையில் சேருகிறவர்களைப் பற்றிக் காவல்துறை வழியாக விசாரிப்பார்கள். நூறு ரூபாய் இருநூறு ரூபாய்க்காக ஒரு வழக்கில் பெயர் சேர்ந்தால், எத்தனை மைல் ஓடினாலும் அதை அழிக்க முடியாது. மலைத் தம்பிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கூட்ட முடிந்ததற்கு வருவோம். இங்கே நல்ல செய்தி நிறைய இருக்கிறது.

ஏ.எஃப்.கேட் வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. 2 மணி நேரம், 100 கேள்வி, 300 மதிப்பெண். சரிக்கு 3, தப்புக்கு 1 கழிவு. தேர்ச்சிக்கான வெட்டு மதிப்பெண் தடவைக்குத் தடவை மாறும். அண்மை ஆண்டுகளில் 150-ஐ ஒட்டி ஏறி இறங்கியிருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 70 கேள்வி எழுதி 50 சரி, 20 தப்பு என்றால் 130. நிதானமாக 60 எழுதி 52 சரி, 8 தப்பு என்றால் 148. குறைவாக எழுதியவனுக்குத்தான் அதிகம். நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குத்தினால், சராசரியில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. இரண்டு விடை தப்பு என்று உறுதியாகத் தெரிந்தால், மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து போடலாம்; அது லாபம். இப்படி மாதிரித் தாள் எழுதி, ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: தெரியாததா, அவசரமா, கேள்வி புரியாததா. மூன்றுக்கும் மருந்து வேறு.

நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான். கேள்வித்தாள் முழுக்க ஆங்கிலம். கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் விடுகிறார்கள். தினமும் ஆங்கிலப் பத்திரிகையில் இருபது வரி, வாய்விட்டு, சத்தமாகப் படியுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆறு மாதத்தில் பலன் தெரியும்.

உடல் தகுதிக்கு வருவோம். பயிற்சிக்கு வருமுன் இருக்க வேண்டியதாக விமானப்படை கேட்பது இவ்வளவுதான்: 1.6 கிலோமீட்டரைப் பத்து நிமிஷத்தில் ஓடுவது, தண்டால் 10, கம்பியில் தொங்கி மோவாய் மேலே வர எழும்புவது 3. மலைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் ஒரு பொருட்டே இல்லை. வெள்ளிமலைச் சாலையில் சுமையோடு ஏறுகிற கால்கள் அவை. நான் பார்த்தவரை அவர்கள் திணறுவது கம்பியில்தான். அதற்கு வழி உண்டு. இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு இரும்புக் குழாய் கட்டுங்கள். முக்காலி போட்டு மேலே ஏறி, மோவாயைக் கம்பிக்கு மேல் வைத்து, ஐந்து எண்ணுவதற்குள் மெதுவாக இறங்குங்கள். வாரம் மூன்று நாள், ஐந்தைந்து முறை. இறங்கப் பழகிய கை ஒருநாள் தானாக ஏறும்.

ஓட்டத்துக்குச் சமதளமான இடம் பாருங்கள். மலையில் ஏறி ஓடுவது நல்லது. இறக்கத்தில் வேகமாக ஓடினால் முழங்காலும் முன்னங்காலும் போய்விடும். 400 மீட்டரை இரண்டு நிமிஷத்தில் ஓடி, இரண்டு நிமிஷம் நடந்து, இப்படி நான்கு சுற்று. பிறகு நடக்கிற நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நின்றுவிடாமல் நான்கு சுற்றும் ஓடினால் எட்டு நிமிஷம் ஆகிவிட்டது! தங்கைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சோகை இருந்தால் எவ்வளவு ஓடினாலும் நேரம் குறையாது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நம் ஊரில் இல்லாததா?

எழுத்துத் தேர்வு தாண்டினால் மைசூர் போன்ற ஊர்களில் உள்ள தேர்வு வாரியத்தில் ஐந்து நாள். படம் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள், குழுவாக வேலை கொடுப்பார்கள், நேர்முகம் இருக்கும். முதல் நாளே பலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதில் வெட்கமில்லை; வயது இருக்கும்வரை மறுபடியும் போகலாம்.

மறுபடியும் போக முடியாதது ஒன்று இருக்கிறது. கணினி வழியாக நடத்தும் விமானித் திறன் சோதனை. கருவிகளின் முள்ளைப் பார்த்து விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். கையும் காலும் கண்ணும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். வாழ்நாளில் ஒரே தடவைதான். தவறினால் பறக்கும் பிரிவு அத்தோடு சரி. ஆகவே அங்கே போவதற்கு முன்பே உயரமானி, வேகமானி, செயற்கை அடிவானம் முதலிய ஆறு கருவிகளையும் படம் போட்டுப் பழகுங்கள். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். சொல்லும் விதிமுறையை முழுக்கக் கேட்டுவிட்டுக் கையை வையுங்கள். கரும்பு லோடு டிராக்டரில் கிளட்ச்சும் ஸ்டியரிங்கும் பழகிய பையனுக்குக் கை கால் ஒத்துழைப்பு புதிதில்லை. அமெரிக்க விமானப்படையில் விமானித் தேர்வு மதிப்பெண்ணில், சொந்தக் காசில் பறந்த மணிநேரத்தையும் சேர்த்துக்கொண்டதுண்டு. நம் சோதனையில் அப்படி இல்லை. கள்ளக்குறிச்சிப் பிள்ளையும் டில்லிப் பிள்ளையும் அந்த நாற்காலியில் ஒன்றுதான்.

பெண்கள் போர் விமானத்தில் பறக்க முடியுமா என்று இனிக் கேட்க வேண்டாம். 2016 ஜூன் 18 அன்று அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். 2022-லிருந்து என்.டி.ஏ.விலும் பெண்கள் படிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ககன்யான் விண்வெளிப் பயணத்துக்கு அறிவிக்கப்பட்ட நான்கு விமானிகளில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர், என்.டி.ஏ. மாணவர்.

கடைசியாக, என் வயதொத்த நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சங்கத்தில் பணம் சேர்த்து வளைவு கட்டலாம், கல்வெட்டு வைக்கலாம். தப்பில்லை. ஆனால் இந்த ஆண்டு நான் கேட்பது ஐந்தே காரியம். மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை முகாம். அதே நாளில் எந்தப் பாடப்பிரிவு எடுத்தால் எந்தக் கதவு திறக்கும் என்று ஒரு மணி நேரப் பேச்சு. நம் கல்லூரி மைதானத்தில் ஒரு கம்பி. நூலகத்தில் தினமும் ஆங்கிலப் பத்திரிகை. வாசலில் ஒரு கரும்பலகை; அதில் தேர்வு அறிவிப்புத் தேதிகள். என்.சி.சி. விமானப் பிரிவில் சி சான்றிதழ் வாங்கியவர்கள் எழுத்துத் தேர்வு இல்லாமலே தேர்வு வாரியத்துக்குப் போகலாம் என்பதையும் அதில் எழுதிப் போடுங்கள். முதல் மாத கரும்பலகைச் செலவு என்னுடையது.

"அப்ப யாரும் சொல்லலியே" என்று இன்னொரு பிள்ளை நம்மிடம் சொல்லக்கூடாது. அதற்கு நாம்தான் பொறுப்பு.