குருந்தக்கல்



என் கையில் இருப்பது ஒரு கல். பழுப்பும் சிவப்பும் கலந்த நிறம். ஆறு பட்டை, பீப்பாய் மாதிரி நடுவில் பருத்திருக்கிறது. பரமத்தி வேலூர், கரூர்ப் பக்கத்து மண்ணில் கிடைக்கும் குருந்தக்கல் இது. ஆங்கிலத்தில் கனிமவியல் படித்தால் இதற்குக் 'கொரண்டம்' என்றே பெயர். அது நம்முடைய குருந்தம்! ஆங்கில அகராதிகளே அந்தச் சொல்லுக்குத் தமிழை மூலமாகக் காட்டுகின்றன.

இது எப்படிப் பிறந்தது? அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் குருந்தம். இரண்டும் பூமியில் கொட்டிக் கிடப்பவைதான். பிறகு ஏன் இது அரிதாக இருக்கிறது? பக்கத்தில் சிலிக்கா இருந்தால் அலுமினியத்தைச் சும்மா விடாது. தன்னோடு சேர்த்து ஃபெல்ஸ்பாராகவோ மைக்காவாகவோ ஆக்கிவிடும். சிலிக்கா குறைந்த பாறை நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து நெரிபட வேண்டும். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறை அப்படி வெந்த பாறை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. சந்திரயானை இறக்கிச் சோதிக்க நிலவு மண்ணைப் போல ஒரு மண் தேவைப்பட்டபோது, இந்தப் பாறையைத்தான் கொண்டுபோய்ப் பொடித்தார்கள்.

இந்தக் குருந்தத்தில் துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். நவரத்தினத்தில் தனித்தனி இடம் பெற்ற இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். உள்ளே என்ன இருக்கிறது, அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்த்தே அறிவியல் கனிமங்களுக்கு இனம் வகுக்கிறது. நிறத்தை நம்பினால் ஏமாறுவோம். பிரிட்டிஷ் மகுடத்தின் 'கறுப்பு இளவரசர் மாணிக்கம்' மாணிக்கமே அல்ல. மெக்னீசியம் கலந்த ஸ்பினல் என்னும் வேறொரு கனிமம்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரை இரத்தினக் கடைத்தெருவைக் காட்டும் இளங்கோ, ஒரே பிறப்பில் ஐந்து வேறு அழகு கொண்ட மணிகளைச் சொல்கிறார். இன்றைய வேதியியல் அன்றே இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிறம் வேறானாலும் பிறப்பு ஒன்றாகலாம் என்று கண்டுகொண்ட கண்கள் அந்தத் தெருவில் இருந்திருக்கின்றன. அந்தக் கண்களை நான் வணங்குகிறேன்.

ஃபிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத் தரவரிசையில் குருந்தத்துக்கு 9. மேலே வைரம் மட்டும்தான். அதனால்தான் இதைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைக்கல் செய்தார்கள் நம் முன்னோர். மணிகளுக்குப் பட்டை தீட்டியது அந்தச் சாணைதான். அரசன் முடியில் ஏறிய மாணிக்கமும் அதைத் தீட்டிய பொடியும் ஒரே கல் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. இன்று உலையில் செய்த குருந்தம் வந்துவிட்டது. தச்சர் கையிலுள்ள உப்புத்தாளிலும், கைக்கடிகாரத்தின் கீறல் விழாத கண்ணாடியிலும் அது இருக்கிறது. 1960இல் இயற்பியலாளர் மெய்மன் காட்டிய முதல் லேசர் ஒளி புறப்பட்டதும் செயற்கை மாணிக்கத்திலிருந்துதான்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, இந்தக் கல்லை உங்கள் வரிசைக்கு அனுப்புகிறேன். கூடவே ஒரு வெள்ளைக் கூழாங்கல். இரண்டையும் உள்ளங்கையில் ஏந்திக் கனம் பாருங்கள். பிறகு கூழாங்கல்லின் மேல் குருந்தத்தை அழுத்திக் கீறுங்கள். விழுந்த கோட்டைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டிவிட்டு, கல்லைப் பின்வரிசைக்குக் கொடுங்கள்.