வைத்துக் கொள்வதும் வழங்குவதும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு நம் சங்கக் காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். கல்வி, தருமம், ஒற்றுமை முதலிய பெரிய விஷயங்களைப் பற்றி இம்மேடையில் அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். அவற்றைத் தொடும் தகுதி எனக்கில்லை. ஆதலின், நம்மவர் வீடு ஒவ்வொன்றிலும் இருப்பதும், ஆயினும் மேடையில் எவரும் பேசாததுமான ஒரு சிறிய விஷயத்தை எடுத்துக் கொள்கின்றேன். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து கிடக்கும் சாமான்களுள் எதனை வைத்துக் கொள்வது, எதனை வழங்கி விடுவது என்பதே அவ்விஷயம்.

நகரத்தாராகிய நம்மிடையே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோயில் வரியைப் புள்ளிக்கு இவ்வளவு என்று கணக்கிடுகின்றோம். மணமான மகனுக்கு வளவில் அறை ஒதுக்குவதும் புள்ளி என்ற முறையிலேதான். அவ்வாறாயின், அந்த அறைக்குள் இருக்கும் பொருள்களைப் பற்றிய முடிவும் இருவர் முடிவாக இருத்தல் வேண்டுமன்றோ? இதனை நான் நூல்களிலிருந்து கற்றேனல்லேன். ஒரு பிழை செய்து கற்றேன். அப்பிழையை மறையாது இங்குச் சொல்லி விடுகின்றேன்.

என் பாட்டனார் ரங்கூனில் லேவாதேவி நடத்தியவர். 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அந்நகரின்மீது குண்டு விழுந்தபின், அவர் கப்பலேறித் திரும்பியபொழுது கொண்டு வந்தவை இரண்டு பெட்டி நிறையப் பேரேடுகளும் ஒரு கடிகாரமுமே. அதற்கு முன்னரே ஊர் வீட்டில் சேர்ந்திருந்த பித்தளை அண்டாக்கள், இனாமல் அடுக்குகள், பீங்கான் சாடிகள், ரவிவர்மா அச்சுப்படங்கள் ஆகியவை இரண்டாங்கட்டு அறைகளை நிரப்பியிருந்தன. 1974ஆம் ஆண்டில் எனக்கு மணமாயிற்று. மணத்தன்று பரப்பி வைத்த சாமான்களும் அவ்வறைகளுக்கே வந்து சேர்ந்தன. இவையன்றி எனக்கென ஒரு பித்து உண்டு. தீப்பெட்டி மேல்தாள்களையும் பழைய மாத சஞ்சிகைகளையும் இளமை முதல் சேகரித்து வந்தேன். சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த தீப்பெட்டித் தாள்களும், பிற்காலத்துச் சிவகாசித் தாள்களுமாக ஏறத்தாழ 3,000 தாள்களை ஏடுகளில் ஒட்டி, பீரோவில் பூட்டி வைத்திருந்தேன்.

2009ஆம் ஆண்டில், பங்காளிகள் யாவரும் தத்தம் அறைகளை ஒழித்துத் தருவதென்று பேசி முடித்தோம். அப்பொழுது என் துணைவியார் மகளின் பிரசவத்தின் பொருட்டு வெளியூர் சென்றிருந்தார். அவர் திரும்பும் வரை பொறுக்க எனக்கு மனமில்லை. பழம்பொருள் வியாபாரி ஒருவரை அழைத்து அறையைத் திறந்து விட்டேன். பித்தளை 46 கிலோ நின்றது. இனாமல் பாத்திரங்களை எண்ணி விலை பேசினோம். பனையோலைக் கொட்டான்கள் ஒரு கட்டு இருந்தன; அவற்றுக்கு எடையுமில்லை, விலையுமில்லையென்று இனாமாகவே கொடுத்து விட்டேன்.

துணைவியார் திரும்பி வந்து அறையைப் பார்த்தார். இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், "பித்தளையை நிறுத்துக் கொடுத்தீர்கள், சரி. அந்தக் கொட்டான்களை எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?" என்று கேட்டார். அவை அவருடைய தாயார் தம் இறுதி ஆண்டில், கண்பார்வை மங்கிய நிலையில், விரலால் தடவித் தடவி முடைந்தவை என்பதை அன்றுதான் அறிந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் அதனை நான் கேட்டறிந்தேனில்லை.

ஒரு மாதம் கழித்துக் காரைக்குடியில் ஒரு கடையில் பித்தளைத் தூக்கு ஒன்றைக் கண்டேன். அதன் கழுத்தில் என் மாமனார் வீட்டு விலாச எழுத்துக்கள் வெட்டப்பட்டிருந்தன. நான் பெற்ற விலையைப் போலப் பன்னிரண்டு மடங்கு கொடுத்து அதனை மீட்டேன். கொட்டான்கள் கிடைக்கவில்லை. நான் இனாமாகத் தள்ளிய அச்செட்டிநாட்டுக் கொட்டான் இன்று புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழிற் பொருளாக மதிக்கப்படுகின்றது.

அன்பர்களே! இதிற் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அதே அறையில் என் தீப்பெட்டித் தாள்கள் இருந்த பீரோவும் நின்றது. அதனைத் தொட வேண்டுமென்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை. நான் சேர்த்தது சேகரம். அவர் சேர்த்தது தட்டுமுட்டு. இத்தகைய எண்ணம் நம்முள் ஆடவர் பலருக்கும் உண்டு என்றே அஞ்சுகின்றேன். நியாயம் மட்டுமன்றிச் சட்டமும் இதற்கு மாறானது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், தன் 14ஆம் பிரிவில், சீதனம் உட்படப் பெண்ணின் பொருளுக்கு அவளே முழு உரிமையாளர் என்கின்றது. சீதனப் பொருள் கணவன் வசம் இருப்பினும் அவன் அதற்குக் காவலனேயன்றி உடையவனல்லன் என்பதை 1985ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது.

சென்ற ஆண்டு நாங்கள் ஊர் வீட்டை விட்டுச் சென்னையில் இரண்டு அறை கொண்ட சிறு வீட்டிற்குக் குடிபோக நேர்ந்தது. எஞ்சிய சாமான்களை என்ன செய்வது என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. இம்முறை ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கி, 22 நாள் இருவருமாக அமர்ந்து ஒவ்வொன்றாக எடுத்து மூன்று கேள்விகள் கேட்டோம்.

முதலாவது, இஃது எவருடையது? உடையவர் சொல்லே முடிவு. மற்றவர் யோசனை சொல்லலாம், அவ்வளவே. பங்காளிகளுக்குப் பொதுவானதாயின் இருவருமே வாய் திறத்தலாகாது. யாவரும் கூடிய இடத்திலேதான் பேசுதல் வேண்டும்.

இரண்டாவது, இதனால் பயன் உண்டா? பயன் இல்லையெனில், இஃது எதற்கேனும் சாட்சியாக நிற்கின்றதா? பயன் என்பது யாவருக்கும் தெரியும். சாட்சி என்பதைத்தான் நாம் எளிதில் தூக்கியெறிகின்றோம். நம் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் அவர்களை நினைவு கூர்வோம். புத்தகங்களோடு திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீசு முதலியவற்றையும் அவர் தேடிச் சேர்த்தார். 1992ஆம் ஆண்டில் அவர் காலமான பின்னர், ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் கொண்ட அச்சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் விலைக்கு வாங்கினர். ஆயினும் அதனைக் கடல் கடந்து கொண்டு போகாது, 1994ஆம் ஆண்டில் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தனர். பிறர் குப்பையென்று ஒதுக்கிய நோட்டீசுகள் இன்று தமிழர் சரித்திரத்திற்குச் சாட்சியாக நிற்கின்றன. என் பாட்டனாரின் பேரேடுகளும் அத்தகையனவே. ரங்கூனில் வட்டி என்ன, கடன் பட்டவர் யார், கடையில் அடுத்தாளுக்குச் சம்பளம் எவ்வளவு என்பனவெல்லாம் அவற்றில் உள்ளன. சென்னை வீட்டில் அவற்றைக் கரையானுக்கு இரையாக்குவதினும் நூலகத்திற்குக் கொடுப்பதே தக்கதென்று துணிந்தோம். எங்கள் இசைகுடிமான ஓலையை மட்டும் எங்களிடமே வைத்துக் கொண்டோம்.

மூன்றாவது கேள்வி, இஃது எவர் கையில் வாழும் என்பது. பிள்ளைகள் விரும்புவார்கள் என்று நாமே எண்ணிக் கொள்வதும் தவறு. விரும்பமாட்டார்கள் என்று எண்ணுவதும் தவறு. கேட்டு விட வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் கடிகாரத்தை மட்டும் கேட்டான். மகள், தன் ஆயா வீட்டுத் தூக்கைக் கேட்டாள். பெரிய அண்டாக்கள் இரண்டும் கோயில் அன்னதானத்திற்குச் சென்றன. இனாமல் பாத்திரங்களுள் மேற்பூச்சு உடைந்தவை சமையலுக்கு ஆகாதென்று விலக்கி, நல்லனவற்றை என் துணைவியார் தம் உடன்பிறந்தார் மக்களுக்குப் பகிர்ந்தார். ஒவ்வொன்றுடனும், இஃது எவருடையது, எவ்வூரிலிருந்து எப்பொழுது வந்தது என்று எழுதிய சிறு சீட்டு ஒன்றையும் வைத்தார். சீட்டில்லாத பொருள் அடுத்த தலைமுறையில் வெறும் பித்தளையாகி விடும் என்பது அவர் கருத்து.

இங்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லக் கடவேன். பிள்ளைகள் அயல்நாட்டில் இருப்பின், பழைய விக்கிரகம், ஓவியம், சுவடி முதலியவற்றைப் பெட்டியில் இட்டு அனுப்பி விடலாகாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த தொல்பொருள்களையும், 75 ஆண்டு கடந்த சிறப்புடைய சுவடிகளையும் தனியார் ஏற்றுமதி செய்தல் குற்றமாகும். ஐயம் எழின் தொல்லியல் துறையாரைக் கேட்டுக் கொள்க.

என் தீப்பெட்டித் தாள்களின் முறையும் வந்தது. என் துணைவியார் அவற்றைத் தள்ளுமாறு சொல்லவில்லை. "இவை உங்களுடையவை, நீங்களே சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லி, எழுதுகோலுடன் காத்திருந்தார். முன்னர் என்னிடமிருந்து அவர் பெறாத மரியாதையை அவர் எனக்குச் செய்தார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள், எங்கள் பங்காளி வீட்டுப் பேரன் ஒருவன், தபால் தலை சேர்ப்பவன், அவனை அழைத்து அவ்வேடுகளை ஒப்புவித்தேன். அவன் ஒவ்வொரு தாளையும் புரட்டிக் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லியதில் ஒரு பகற்பொழுது சென்றது. அத்தாள்களைப் பற்றி அதுகாறும் எவரும் என்னைக் கேட்டதில்லை.

ஆதலின் சபையோர்களை நான் வேண்டிக் கொள்வது இதுவே. வரும் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும் முன்னர், ஒவ்வொரு புள்ளியும் ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்குங்கள். இருவருமாக அமர்ந்து எழுதுங்கள். ஒருவர் இல்லாதபொழுது மற்றவர் எதனையும் கொடுக்க வேண்டா. கொடுப்பதை, வரலாறு சொல்ல நாவிருக்கும் காலத்திலேயே கொடுத்து விடுங்கள்.

எங்கள் புத்தகத்தின் இறுதிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. என் துணைவியார் சொல்ல, நான் என் கைப்பட எழுதியது. "கொட்டான் 11. கேளாமல் கொடுத்தது." அவ்வாறான வரி உங்கள் புத்தகத்தில் வாராதிருக்க வேண்டுமென்று இறைவனை வேண்டுகின்றேன்.