களவு போன டிராக்டரும் நஷ்ட ஈடும்



இன்ஷூரன்ஸ் செய்த டிராக்டர் களவு போயிற்று. "தாமதமாகத் தெரிவித்தீர்" என்று கம்பெனி நஷ்ட ஈட்டை மறுக்கிறது. என் செய்வது?

2010 ஆம் ஆண்டில் இப்படியே ஒரு டிராக்டர் களவு போயிற்று. உடையவர் உடனே போலீசில் புகார் செய்தார். கம்பெனிக்கு அறிவித்ததோ ஒரு மாதம் கடந்த பின்பே. இத்தகைய வழக்குகளில் முன்னர்த் தீர்ப்புகள் முரண்பட்டிருந்தன. 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் ஐயத்தைத் தீர்த்தனர். களவு போன வண்டியைத் தேடுவது போலீசாரே. அவர்களிடம் உடனே புகார் செய்திருந்து, களவும் மெய்யாயின், கம்பெனிக்கு அறிவிப்பதில் நேர்ந்த தாமதம் ஒன்றைமட்டும் காட்டி நஷ்ட ஈட்டை மறுத்தலாகாது என்றனர்.

இதனை அசட்டைக்கு அனுமதியாகக் கொள்ளற்க. பயிர்க் காப்பீட்டில், ஆலங்கட்டி மழை போன்ற சேதத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும்.

புகாரின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். எழுத்தறியாத விவசாயிக்குப் புகார் எழுதி உதவுவது பஞ்சாயத்து அங்கத்தினரின் கடமை என்று நாம் கருதுகிறோம்.