மாத்திரை போதுமா?



நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவன். என் பத்து வயசுப் பையன் கொஞ்சம் குண்டு. பள்ளி, டியூஷன், டிவி என்று வெயிலே படாத பிள்ளை. கழுத்தில் கருமை படர்ந்தது. அழுக்குன்னு நினைத்துத் தேய்த்தோம்! திருவள்ளூர் டாக்டரோ, "இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி" என்றார். ரத்தத்தில் வைட்டமின் டி-யும் குறைவு.

"மாத்திரை கொடுத்தால் சரியாகிடுமா சார்?"

"வைட்டமின் குறை தீரும். சர்க்கரை வராதுன்னு சொல்ல முடியாது. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 2,423 பெரியவர்களில் பாதிப்பேருக்குத் தினம் 4,000 யூனிட் கொடுத்தும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளும் ஒரே முடிவு சொல்லவில்லை. எடை குறையணும், ஓடி விளையாடணும்."

மாத்திரையைக் கடையில் வாங்கிடலாம்; கூட ஓடுவதற்கு அப்பாதானே வேணும்? இப்போது ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் இருவரும் மைதானத்தில்தான். நீங்களும் வாருங்கள்.