உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒரே சீட்டு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



 

சற்று முன் செயலாளர் ஆண்டறிக்கையை வாசித்தார். பைத்துல்மாலிலிருந்து மருத்துவ உதவியாக வழங்கப்பட்ட தொகைகளையும் கேட்டோம். இருதய நோய்க்குக் கொடுத்திருக்கிறோம். சிறுநீரகத்துக்கும், கண் அறுவைக்கும், பிரசவத்துக்கும் கொடுத்திருக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மனநோய்க்கென்று ஒரு ரூபாய்கூட அந்தப் பட்டியலில் இல்லை. நம் மஹல்லாவில் மனநோயே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா?

2015-16ஆம் ஆண்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு ஒன்றை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநோய் அப்போது இருந்ததாக அது கண்டது. அவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு எந்தச் சிகிச்சையும் கிடைக்கவில்லை என்றும் கூறியது. நம் மஹல்லா இக்கணக்குக்கு விலக்கானது அன்று. யாரும் வந்து கேட்கவில்லை, அவ்வளவே. கேட்பதற்கு வெட்கம்.

இந்த வெட்கத்துக்கு ஓர் ஊர்ப் பெயரே இருக்கிறது. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை எத்தனையோ குடும்பங்களுக்கு ஆறுதல் தந்த இடம். ஆயினும் நாமோ அதை ஒரு வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்த வாசலில் ஒருமுறை கால் வைத்தால் மகளுக்குப் பெண் கேட்டு வரமாட்டார்கள், மகனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று அஞ்சுகிறோம். இந்த அச்சத்தை ஒரே பயானில் போக்கிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த அச்சம் குறுக்கே நிற்காத வழியொன்று உண்டு. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை நினைத்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு அங்கே வரிசை நிற்கிறது. ஒருவர் சர்க்கரைக்கு வருகிறார், ஒருவர் இரத்த அழுத்தத்துக்கு, ஒருவர் பிள்ளையின் காய்ச்சலுக்கு. எல்லோர் கையிலும் ஒரே விதமான ஓ.பி. சீட்டு. எவர் எதற்காக நிற்கிறார் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அதே வரிசையில் நின்று, அதே மருத்துவரைக் கண்டு, அதே சன்னலில் மாத்திரை வாங்கிச் சென்றால் யார் என்ன சொல்ல முடியும்?

உண்மையில் அவர்கள் ஏற்கனவே அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னே பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். "எனக்கு மனம் சரியில்லை" என்று எவரும் வருவதில்லை. தலைபாரம் என்பார்கள், உடம்பெல்லாம் எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் பிடிப்பதில்லை என்பார்கள். வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் வாங்கிச் சென்று அடுத்த வாரம் மீண்டும் வருவார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. சோர்ந்த மனத்தினர் மாத்திரையை ஒழுங்காக உட்கொள்வதில்லை, சர்க்கரை ஏறுகிறது, ஏறிய சர்க்கரை சோர்வை மேலும் கூட்டுகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனம் சோரும். அதை ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். உடலை ஒரு கட்டடத்திலும் உள்ளத்தை வேறொரு கட்டடத்திலும் வைத்து வைத்தியம் பார்த்தால் இவையெல்லாம் எவர் கண்ணிலும் படாமல் போகும்.

இது மேல்நாட்டார் கொண்டுவந்த புதுமை என்று எண்ண வேண்டாம். பல்க் பகுதியில் 850ஆம் ஆண்டு வாக்கில் பிறந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற ஒரே நூலின் முற்பகுதியில் உடலின் நலத்தையும் பிற்பகுதியில் உள்ளத்தின் நலத்தையும் எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் வந்து கவியும் துக்கம் வேறு என்று அன்றே பிரித்துக் காட்டினார். கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் காய்ச்சல்காரர்களுக்கும் மனநோயாளிகளுக்கும் ஒரே வளாகத்தில் இடம் இருந்தது.

அப்படிப்பட்ட மரபில் வந்த நாம் 6.8.2001 அன்று தலைகுனிந்து நின்றோம். ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் அதிகாலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களில் பல சமயத்தவரும் இருந்தனர். சங்கிலியிட்டவர்களைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். அவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர் அல்லர். சொந்த ஊரில், நடந்து போகும் தூரத்தில் மருந்து கொடுப்பார் ஒருவரும் இல்லாததால், இருந்ததை விற்றுக்கொண்டு வந்தவர்கள் அவர்களில் உண்டு. துஆ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீராதாதார் தர்காவில் 2008 முதல் மருந்தும் துஆவும் அருகருகே நடைபெறுகின்றன. பின்னர் ஏர்வாடியிலும் அவ்வழி பின்பற்றப்பட்டது. ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்ற கருத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்திருக்க, மனநோயை மட்டும் அதிலிருந்து நீக்கி வைக்க நமக்கு உரிமை ஏது?

அரசு இதைச் சிந்திக்காமல் இல்லை. 1970களின் நடுவிலேயே பெங்களூருக்கு அருகே சாகல்வாராவிலும் சண்டிகருக்கு அருகே ராய்ப்பூர் ராணியிலும், கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் சாதாரண மருத்துவர்களுக்கும் பயிற்சி கொடுத்து மனநோயைக் கவனிக்கச் செய்து பார்த்தார்கள். பயன் தெரிந்தது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது; கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஒரு முன்மாதிரி உருவானது; 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சி மாவட்டம் அதில் சேர்ந்தது. ஆனால் நாடெங்கும் பரவியபோது திட்டத்தின் உயிர் நாடி பல இடங்களில் தளர்ந்துவிட்டது. மனநல மருத்துவர் மாதம் ஒருமுறையோ வாரம் ஒருமுறையோ வந்து முகாம் நடத்திச் செல்வதே திட்டம் என்றாயிற்று. அவர் வராத நாளில் அந்த நோயும் வரக்கூடாது போலும்! அன்றாடம் இருக்கும் மருத்துவரும் செவிலியரும் கவனித்தால்தான் அது ஒருங்கிணைப்பு. கேரளத்தில் 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின் குடும்ப நல மையங்களில், செவிலியருக்கே பயிற்சி கொடுத்து 'ஆஸ்வாசம்' என்ற பெயரில் மனச்சோர்வைக் கண்டறியச் செய்கிறார்கள். கடந்த இரண்டு வாரங்களாக எதிலும் நாட்டமில்லையா, மனம் இருண்டிருக்கிறதா என்று கேட்பதில் தொடங்கும் சில கேள்விகள், அவ்வளவுதான். கேட்பதற்குப் பத்து நிமிடமும், கேட்கும் மனமும், தட்டாத மருந்து இருப்பும் வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2024 ஜூன் மாதத்தில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் கண்ணால் கண்டோம். மது நமக்கு ஹராம். ஆகவே இது நம் பேச்சன்று என்று இங்கே எவரேனும் நினைத்தால், அவர் தம் தெருவைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். குடிக்கு அடிமையாதல் ஒரு பாவம் மட்டுமன்று, ஒரு நோயுமாகும். நீண்ட காலம் நாள்தோறும் அதிகமாகக் குடித்தவரை வீட்டார் ஆத்திரத்தில் அறையில் பூட்டித் திடீரென நிறுத்தச் செய்தால் கை நடுங்கும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரியும். இல்லாத குரல்கள் கேட்கும். ஜின் பிடித்தது என்று அப்போது ஆளைத் தூக்கிக்கொண்டு வேறெங்கோ ஓடுகிறார்கள். அது உயிருக்கு ஆபத்தான நேரம். ஓட வேண்டிய இடம் மருத்துவமனை. முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, தக்க மாத்திரையும் தயமின் ஊசியும் கொடுத்து நிறுத்தினால் அந்த நிலை வராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

மலையிலிருப்போருக்கு இது இன்னும் கடினம். கல்வராயன் மலையின் மலையாளி மக்களில் ஒருவர் வெள்ளிமலைப் பக்கமிருந்து கச்சிராயபாளையம் வழியே இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து திரும்ப, அன்றைய கூலி போகிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலைப்பகுதிக்கு 20,000 பேருக்கு ஒன்று என்று விதியிலேயே வைத்ததன் காரணம் இதுதான். ஊறல் பானையை உடைக்கக் காவலர்கள் மலையேறுகிறார்கள், நல்லது. குடியை விட நினைப்பவனுக்கு மருந்தும் அதே பாதையில் ஏற வேண்டும். மலையிலிருந்து சரக்கோடு நம் கடைகளுக்கு வருவோர் நமக்குத் தெரிந்தவர்களே. அவர்களிடமும் இச்செய்தியைச் சொல்லலாம்.

2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், ஆரம்ப சுகாதார நிலையம் தொட்டு எல்லா நிலைகளிலும் மனநலச் சேவையைப் பொது மருத்துவத்தோடு இணைக்க வேண்டும் என்கிறது. சங்கிலியிடுவதை அது முற்றாகத் தடுக்கிறது. ஆகவே நாம் கேட்பது தயவு அன்று, உரிமை.

நிர்வாகத்தாரிடம் என் வேண்டுகோள் சிறியது. நம் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை ஜமாஅத் சார்பில் சந்தித்து, மாவட்ட மனநலக் குழு எந்த நாளில் எங்கே வருகிறது, என்னென்ன மாத்திரைகள் இருப்பில் உள்ளன என்று கேட்டு வந்து, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் கட்டணமின்றிப் பேசக்கூடிய 14416 என்ற எண்ணையும் அதன் கீழே எழுதுங்கள். பைத்துல்மால் பட்டியலில் மனநோயையும் சேருங்கள். பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டாம், எண் போதும். மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதற்குள் நிறுத்திவிடுவோரே அதிகம். அந்த நான்கு வாரமும் கூடவே போய்வர ஆண்களில் ஒருவர், பெண்களில் ஒருவர் பெயர் கொடுத்தால் போதும். இஷாவுக்குப் பின் நான் இங்கேதான் இருப்பேன். முதல் முறை நானும் உடன் வருகிறேன்.

வஸ்ஸலாம்.